லொறியின் மூச்சுக்குழாய்

யாழ்ப்பாண நகரிலிருந்து புறப்படும் ஊர்காவற்றுறை வீதி, பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இரு மருங்கும் கடலாகிவிடுகின்றது. மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்து, வேலணை, நாரந்தனை ஆகிய ஊர்களின் ஊடாகச் சென்று, கரம்பொன்னைத் தொட்டு, முடிவில் ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை அடைகின்றது. ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டி லெய்டன் என்று அழைத்தனர். தமிழின் புகழை உலகெங்கும் கொண்டு சென்ற தனிநாயகம் அடிகள் 1913ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்னும் பெருமை கரம்பொன்னுக்கு உண்டு.

முற்காலத்தில் இத்தீவுக்கு வேண்டியவை யாவும் தோணியிலும் வத்தையிலும் வந்து இறங்கின. இன்று அவை லொறியில் வருகின்றன. வீடு கட்டுவோனுக்குச் சீமெந்தும் கம்பியும், கடைக்காரனுக்கு அரிசியும் மாவும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோடை மாதங்களில் குடிநீரும் சக்கரத்தின்மேல் வருகின்றன. வேலணையிலே சாட்டிப் பகுதியின் கிணறுகள் நன்னீருக்குப் பெயர்பெற்றவை. ஆனால் தீவகத்தின் கிணறுகள் பல, மழை ஓய்ந்து சில மாதங்களில் உவர்த்துப் போகின்றன. அப்பொழுது பவுசர் எனப்படும் தண்ணீர்த் தாங்கி லொறியின் வருகையை எதிர்நோக்கிக் குடங்களும் வாளிகளும் ஒழுங்கை வாயிலில் வரிசையாக நிற்கும். இத்தகைய ஊரில் ஒரு லொறி நின்றுவிடுவது அதன் சொந்தக்காரனுடைய நட்டத்தோடு முடிவதில்லை. குடத்தோடு காத்து நிற்கும் தாய்க்கும் அது நட்டமே.

லொறியை நிறுத்திவிடும் கோளாறுகள் பல. அவற்றுள் மலிவானதும், அதனாலேயே அலட்சியம் செய்யப்படுவதும் ஒன்று உண்டு. எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் றப்பர்க் குழாயில் ஏற்படும் வெடிப்பே அது. கையகலமுள்ள ஒரு றப்பர்த் துண்டின் விலையும், அத்துண்டைக் கவனியாது விட்டதனால் பாழாகும் எஞ்சினின் விலையும் ஒப்பிடத்தக்கன அல்ல. எனினும் அந்தத் துண்டை உரிய வேளையில் மாற்றாமல் எஞ்சினை இழந்தவர் பலர்.

டீசல் எஞ்சின் எண்ணெயைக் குடித்து ஓடுவதாகப் பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது குடிப்பதைக் காட்டிலும் சுவாசிப்பதே மிகுதி. ஒரு லீற்றர் டீசல் முற்றாக எரிவதற்குக் குறைந்தது பத்தாயிரம் லீற்றர் காற்று வேண்டும். நடைமுறையில் எஞ்சின் உள்ளிழுப்பது அதனினும் அதிகம். ஆகவே ஐம்பது லீற்றர் டீசல் செலவாகும் ஒரு நாளில், பெரிய மண்டபம் ஒன்றை நிறைக்கக்கூடிய காற்று அந்தக் குழாய் வழியே செல்கின்றது. அக்காற்றில் உள்ள தூசி முழுவதையும் தடுத்து நிறுத்தும் பொறுப்பு, கடதாசி மடிப்புகளால் ஆன ஒரு வடிகட்டிக்கே உரியது.

டர்போ என்னும் சுழலி பொருத்தப்பட்ட எஞ்சினில் இந்தச் சுவாசம் மேலும் வலுப்பெறுகின்றது. சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி என்பவர் 1905ஆம் ஆண்டு இதற்கான காப்புரிமையைப் பெற்றார். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையில் வீணாகும் ஆற்றலைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்பது அவருடைய கருத்து. முதலில் இது கப்பல்களிலேயே பெரும் பயன் தந்தது. 1920களின் நடுப்பகுதியில் இரண்டு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் எஞ்சின்களில் இச்சுழலியைப் பொருத்தியபோது, 1,750 குதிரைவலு 2,500 ஆக உயர்ந்தது. 1938ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் சௌரர் நிறுவனம் இதனை லொறிக்குக் கொண்டு வந்தது. இன்று உலகின் வீதிகளில் ஓடும் புதிய பார லொறிகளுள் டர்போ இல்லாததைக் காண்பது அரிது.

அந்தச் சிறிய சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை சுழல்கின்றது. அச்சைத் தாங்கி நிற்பது எண்ணெயாலான மெல்லிய படலமே. சக்கரத்தின் இதழ்கள் மெல்லியவை. அலுமினியக் கலவையால் ஆனவை. இவ்வளவு விரைவில் சுழலும் இதழின்மீது ஒரு மணற்பரல் மோதினால், அது கல்லால் எறிந்ததற்கு ஒப்பாகும்.

இனி, குழாயைப் பற்றிய முதன்மையான செய்திக்கு வரலாம். டர்போ எஞ்சினில் காற்றுக் குழாய் ஒன்றல்ல; இரண்டு. வடிகட்டியிலிருந்து டர்போ வரை செல்வது ஒன்று. டர்போவிலிருந்து காற்றுக் குளிராக்கி வழியாக எஞ்சினை அடைவது மற்றொன்று. முதற் குழாயில் டர்போ காற்றை இழுக்கின்றது. இரண்டாவதில் காற்றைத் தள்ளுகின்றது. பட்டறையிலே தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம், குழாய் வெடித்துவிட்டது என்று சாரதி சென்று நின்றால், அவர் ஸ்பனரைக் கையில் எடுப்பதற்கு முன் கேட்கும் கேள்வி ஒன்றே: “தம்பி, இழுக்கிற பக்கமோ, தள்ளுற பக்கமோ?” இக்கேள்விக்கான விடையில் எஞ்சினின் ஆயுள் அடங்கியிருக்கின்றது.

இதனை விளக்குவதற்கு, கரம்பொன் வீதியில் ஓடும் இரண்டு லொறிகளை மனக்கண்முன் நிறுத்தலாம். காலம், சோளகக் காற்று வீசும் ஆடி மாதம். பனைகளின் காவோலைகள் ஓயாமல் சலசலக்கின்றன. ஊரியும் மணலும் கலந்த உள்வீதிகளில், முன்னே ஒரு வாகனம் போனால் பின்னே வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதல் லொறியில் தள்ளும் பக்கத்துக் குழாய் வெடித்துவிட்டது. உடனே ‘உஸ்’ என்று பாம்பு சீறுவது போன்ற ஓசை எழுகின்றது. நெருக்கப்பட்ட காற்று வெளியே தப்பி ஓடுவதனால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகின்றது. டீசல் முற்றாக எரியாமல் கரும்புகை கக்குகின்றது. சுமையோடு தாம்போதியின் சிறு ஏற்றத்திலும் லொறி தவிக்கின்றது. சாரதி அஞ்சிப்போய் ஓரமாக நிறுத்துகின்றான். அன்றே குழாய் மாற்றப்படுகின்றது. கரும்புகையோடு பல நாள் ஓட்டினால் எஞ்சின் சூடேறி வால்வும் பிஸ்டனும் கெடும் என்பது உண்மையே. ஆயினும், குற்றம் தன்னைத் தானே பறைசாற்றுவதால், அவ்வளவு காலம் எவரும் ஓட்டுவதில்லை.

இரண்டாவது லொறியில் இழுக்கும் பக்கத்துக் குழாய் வெடித்திருக்கின்றது. வெடிப்பு, குழாயின் அடிப்புறத்தில், கிளிப்பின் மறைவில் இருக்கின்றது. பெரும்பாலும் ஓசை எழுவதில்லை, புகையும் இல்லை, இழுவையும் குறைவதில்லை. வடிகட்டியின் தடையைத் தாண்டாமலே காற்று எளிதாக உள்ளே புகுவதால், எஞ்சின் முன்னிலும் இலகுவாக ஓடுவதாகச் சாரதிக்குத் தோன்றினாலும் தோன்றும். அந்தப் பிளவின் வழியே வீதியின் புழுதி, வடிகட்டப்படாமல் நேரே டர்போவுக்கும், அங்கிருந்து சிலிண்டருக்கும் செல்கின்றது.

அதன் பின் நிகழ்வது மெல்ல நிகழும் அழிவு. தலைமயிர் ஒன்றின் பருமனில் ஏழிலொரு பங்கே உடைய தூசித் துகளைக் கண்ணால் காண இயலாது. ஆனால் பிஸ்டன் வளையத்துக்கும் லைனருக்கும் இடையே எண்ணெய்ப் படலம் விட்டிருக்கும் இடைவெளியும் அத்தகைய நுண்ணளவே. சுண்ணாம்புக் கல்லின் வெண்புழுதி ஓரளவு மென்மையானது. மணலில் உள்ள சிலிக்காவோ இரும்பையும் அராவ வல்லது. அது எண்ணெயோடு கலந்தவுடன், பட்டறையில் வால்வு தேய்ப்பதற்குப் பயன்படும் பசைபோல ஆகிவிடுகின்றது. சில மாதங்களில் நீலப்புகை தோன்றுகின்றது. எஞ்சின் எண்ணெய் குறைகின்றது. காலையில் எஞ்சின் முரண்டு பிடிக்கின்றது. மூச்சுவிடும் துளையால் ஆவி குபுகுபுவென்று வெளிவருகின்றது. அப்பொழுது குழாயை மாற்றிப் பயனில்லை. லைனரும் வளையங்களும் டர்போவும் மாற வேண்டும். லொறி வாரக்கணக்கில் பட்டறையில் கிடக்க வேண்டும். சத்தமிட்ட லொறி தப்பியது. சத்தமிடாத லொறி அழிந்தது.

இந்தப் பகுதியின் மக்களுக்கு இவ்வெச்சரிக்கை குறிப்பாகத் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. இல்லாததைக் கொண்டு இயலாததைச் செய்து காட்டியவர்கள் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள். 1990களின் முற்பகுதியில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் வாகனத்தை ஓட்டினர். பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் அவர்கள் கைவண்ணத்தால் உயிர் தரித்திருந்தன. சைக்கிள் ரியூப், கட்டுக்கம்பி, பழைய ரயர்த் துண்டு ஆகியவையே அவர்களுடைய உதிரிப்பாகக் கடை. அக்கைத்திறன் போற்றத்தக்கது. அது இல்லாதிருந்தால் நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லவும் வாகனம் இருந்திராது.

ஆயினும், பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்டதை டர்போ எஞ்சின் பொறுத்துக்கொள்ளாது. பழையது உள்ளிழுத்த காற்று குறைவு. சேதப்படுவதற்கு அதில் சுழலும் இதழ்ச்சக்கரமும் இல்லை. தேய்ந்த பாகங்களை ஊரிலேயே கடைந்து சரிசெய்யவும் முடிந்தது. இன்று, வெடித்த குழாயின்மேல் சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினால் என்ன நிகழும்? தள்ளும் பக்கமாயின், சுமையை இறக்கி மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிச் செல்ல அக்கட்டு உதவக்கூடும். அதிலும் சூடு தாங்காமல் விரைவில் அவிழ்ந்துவிடும். இழுக்கும் பக்கமாயின், கட்டுக்கு அடியிலுள்ள நுண்ணிய இடைவெளிகளால் புழுதி புகுந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் குற்றம் தீர்ந்துவிட்டதுபோலத் தோன்றும். அத்தோற்றமே ஆபத்து. தேவை ஏற்பட்ட காலத்தில் அறிவாக இருந்தது, தேவை நீங்கிய பின்பும் தொடர்ந்தால் வெறும் பழக்கமாகிவிடுகின்றது.

புதிய குழாயைத் தெரிவு செய்வதிலும் இந்த இரு பக்க வேறுபாட்டை மறத்தல் ஆகாது. இழுக்கும் பக்கத்துக் குழாய் உட்புறமாகச் சப்பிப்போகாதபடி, சுருள் கம்பியோ தடித்த வளையமோ உள்ளதாக இருக்க வேண்டும். எஞ்சினின் எண்ணெய் ஆவி பல லொறிகளில் இக்குழாயிலேயே வந்து சேர்வதால், எண்ணெயில் ஊறிப் பருக்கும் சாதாரண றப்பர் இதற்கு உதவாது. தள்ளும் பக்கத்திலோ, நெருக்கப்பட்ட காற்றின் வெப்பம் 150 பாகை சென்ரிகிரேட்டையும் தாண்டக்கூடும். ரேடியேட்டருக்கென்று செய்யப்பட்ட தண்ணீர்க் குழாய் அவ்வெப்பத்தைத் தாங்காது. அதற்கென்றே நெய்யிழை சேர்த்துச் செய்யப்பட்ட சிலிக்கோன் குழாய் வேண்டும். பழைய குழாயைக் கையோடு கடைக்குக் கொண்டு சென்று, நீளம், வளைவு, உள்விட்டம், கிளைத் துளைகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒப்பிட்டு வாங்குதல் நன்று. காற்றுப் பிரேக்குக்குக் காற்று நெருக்கும் கருவியும் பல லொறிகளில் இக்குழாயின் கிளையொன்றிலிருந்தே காற்றை எடுக்கின்றது. ஆகவே குழாயின் வெடிப்பு, பிரேக்கின் நலத்தையும் பாதிக்கும்.

குழாயை மாற்றும் வேலை ஒரு மணித்தியால வேலை. ஆனால் அதன் ஒழுங்கு மாறக்கூடாது. எஞ்சினை நிறுத்தி, டர்போ குளிரும் வரை பொறுத்திருக்க வேண்டும். சக்கரங்களுக்கு அடைகல் வைக்க வேண்டும். முன்கூடு கவிழும் வகை லொறியாயின், கூட்டைத் தாங்கும் கம்பியைப் பூட்டிய பின்னரே அதன்கீழ்த் தலை நீட்ட வேண்டும். குழாயில் மின்னுணர்கருவி பொருத்தப்பட்டிருந்தால் பற்றரி இணைப்பைக் கழற்றிவிடல் வேண்டும்.

அடுத்த செயல், பலரும் தவறவிடுவது. கிளிப்பைத் தளர்த்துவதற்கு முன் குழாயின் வெளிப்புறத்தையும் பொருத்துவாய்களையும் தூரிகையாலும் ஈரத்துணியாலும் துடைக்க வேண்டும். மாதக்கணக்கில் படிந்த புழுதி, குழாய் கழன்ற கணமே திறந்த வாயினுள் கொட்டிவிடும். வாகனத்தைக் காப்பதற்காகச் செய்யும் வேலையே அதற்குத் தீங்காய் முடியும். இயன்றால், காற்று அடங்கிய காலை வேளையிலோ சுவர் மறைவிலோ இவ்வேலையைச் செய்வது உசிதம்.

இறுகிப்போன குழாயைத் திருகித் தளர்த்தியே எடுக்க வேண்டும். திருப்புளியால் நெம்பினால் டர்போவின் வாயில் கீறல் விழும். குழாய் வந்ததும், திறந்த வாயைச் சுத்தமான பெரிய துணியால் மூட வேண்டும். அத்துணி சிவப்போ மஞ்சளோ போன்ற பளிச்சென்ற நிறமுடையதாக இருத்தல் நலம். உள்ளே மறந்துவிடப்பட்ட துணி, எஞ்சின் இயங்கிய மறுகணமே டர்போவைக் கொன்றுவிடும். சத்திர சிகிச்சை செய்யும் வைத்தியர் பஞ்சுகளை எண்ணுவதுபோல மெக்கானிக்கும் தன் துணிகளை எண்ணவேண்டியவனே.

கழற்றிய குழாய் ஒரு சாட்சி. அதனை எறிவதற்கு முன் விசாரிக்க வேண்டும். வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாயின் உட்புறத்தை விரலால் தடவினால் விரல் சுத்தமாக வர வேண்டும். புழுதி ஒட்டினால், எஞ்சின் ஏற்கெனவே புழுதியை உண்டிருக்கின்றது என்பது தெளிவு. பின்பு மின்விளக்கொன்றைப் பிடித்து டர்போவின் இதழ்களைப் பார்க்க வேண்டும். விளிம்புகள் கூர்மையாக இருந்தால் நன்று. மழுங்கியோ பல்விழுந்தோ இருந்தால், உரியவரிடம் காட்டாமல் மேலே செல்லலாகாது. சக்கரத்தை விரலால் சுழற்றினால் எங்கும் உராயாமல் இலகுவாகச் சுழல வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருத்தல் இயல்பு; அது எண்ணெய்ப் படலத்துக்கான இடம். முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி அசைந்தால் தாங்கி தேய்ந்துவிட்டது என்பது பொருள். குழாயினுள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு காணப்படுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எண்ணெய் தேங்கி நின்றால் மட்டும் அதன் காரணத்தைத் தேட வேண்டும்.

புதிய குழாயைப் பொருத்தும்போது, பொருத்துவாய்கள் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். எளிதாக ஏறட்டும் என்று எண்ணெய் பூசுவார் உளர். தள்ளும் பக்கத்தில் அவ்வெண்ணெயே பின்னர்க் குழாயை வழுக்கிக் கழலச் செய்யும். பொருத்துவாயின் விளிம்பில் உள்ள மேட்டைத் தாண்டிக் குழாய் முற்றாக ஏறிய பின், கிளிப்பு அம்மேட்டுக்கு அப்பால் அமர வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் கிளிப்பே றப்பரை அறுத்துவிடும். தாம்போதியின் உவர்க்காற்று சாதாரண இரும்புக் கிளிப்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்வதால், துருவேறா உருக்கினாலான கிளிப்பே இத்தீவுகளுக்கு ஏற்றது. எஞ்சின் ஓடும்போது அசைகின்றது; சட்டம் அசைவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் குழாய் எதன்மீதும் உராயாமல் இருக்கின்றதா என்று பார்த்து, தாங்கிகளை மீண்டும் பூட்ட வேண்டும். முன்பு எங்கே உராய்ந்து வெடித்ததோ, அந்த இடத்தைச் சரிசெய்யாமல் புதிய குழாயைப் போட்டால் அதுவும் அவ்விடத்திலேயே வெடிக்கும்.

வேலை முடிந்ததும் துணிகளை எண்ணி எடுத்துவிட்டு எஞ்சினை இயக்கலாம். தள்ளும் பக்கத்து இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தெளித்தால், கசிவு உள்ள இடத்தில் குமிழி எழும். பெற்றோலைத் தெளித்துக் கசிவு தேடும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். தீப்பற்றுவதற்கும், எஞ்சின் கட்டுமீறி ஓடுவதற்கும் அது வழிகோலும். இரண்டொரு நாள் ஓடிய பின், கிளிப்புகளை மறுபடியும் ஒருமுறை பார்ப்பது அவசியம். புதிய றப்பர் சூட்டில் சற்றே அமர்ந்து இடங்கொடுக்கும்.

குழாயை மாற்றியவன் வடிகட்டியையும் பார்க்கக் கடமைப்பட்டவன். வடிகட்டியைக் கழற்றி ரயரில் நாலு தட்டுத் தட்டிப் புழுதி உதிர்த்து மீண்டும் போடுவது எங்கும் காணப்படும் வழக்கம். அத்தட்டில் கடதாசி மடிப்பு கிழிகின்றது. விளிம்பின் றப்பர் வளையம் கோணுகின்றது. அதன் பின் வடிகட்டி இருந்தும் இல்லாததே. புதிய குழாயின் முன் கிழிந்த வடிகட்டியை வைப்பது, கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வேலியைப் பிரித்து வைப்பதற்கு ஒப்பாகும்.

கோடை போய் வாடை வந்தால் ஆபத்து வேறு வடிவில் வரும். கார்த்திகை மழையில் வெள்ளம் நிற்கும் பள்ளத்தை லொறி கடக்கும்போது, குழாயின் அடிப்புற வெடிப்பால் நீர் உட்புகுந்தால், சிலிண்டரில் நீர் நெருங்காமல் நின்று, பிஸ்டனின் தண்டையே வளைத்துவிடும். புழுதி மாதக்கணக்கில் செய்யும் அழிவை நீர் ஒரு கணத்தில் செய்து முடிக்கும்.

ஆகவே, லொறி வைத்திருப்போரும் ஓட்டுவோரும் மாதத்துக்கு ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், இழுக்கும் பக்கத்துக் குழாயை முழுவதும் கையால் தடவிப் பார்க்கட்டும். கண்ணுக்கு எட்டாத அடிப்புறத்தையும் கிளிப்பின் மறைவையும் விரல் கண்டறியும். றப்பரை மெதுவாக வளைத்தால், நரைத்த வெடிப்புகள் வாய் திறந்து காட்டும். அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடமும் ஒரு கைத்துணியும் போதும். சீறுகின்ற குழாய் தானே உதவி கேட்டுவிடும். ஓசையின்றி வெடித்த குழாயைத் தேடிச் செல்ல வேண்டியவன் மனிதனே. அவன் தேடிச் செல்லும் வரையில் கரம்பொன் ஒழுங்கையின் வாயிலில் வரிசையாக நிற்கும் குடங்கள் உரிய நேரத்தில் நிறைந்துகொண்டே இருக்கும்.